7.5 கிடைக்குமா? படித்த பள்ளியால் சீட் மாறிய அனுபவங்கள்

மத்தூர்க்காரன்:
அக்கா பொண்ணு விஷயம். ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை இங்கே அரசுப் பள்ளிதான், ஏழாவது மட்டும் ஓசூரில். மாமாவுக்கு அங்கே கம்பெனி வேலை கிடைத்தது, வீட்டுப் பக்கத்து மெட்ரிக் பள்ளியில் சேர்த்தார்கள். வேலை நிலைக்கவில்லை, அடுத்த வருஷமே ஊருக்கு வந்தாச்சு. பொறியியல் கவுன்சிலிங்கில் 7.5, அதாவது அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கான 7.5 சதவீத இடஒதுக்கீடு கேட்டிருந்தோம். சான்றிதழ் சரிபார்த்த மேடம் எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவேடு) விவரத்தை வகுப்பு வகுப்பாகப் பார்த்துக்கொண்டே வந்து ஏழாவதில் நின்றார். “இது பிரைவேட்டா?” மாமா, “பத்து மாசம்தாங்க மேடம்” என்றார். மேடம் கோபப்படவெல்லாம் இல்லை. திரையை எங்கள் பக்கம் திருப்பி அந்த ஒரு வரியை மட்டும் விரலால் காட்டினார். கூடப் படித்த பையனுக்கு இவளைவிட கட்-ஆஃப் குறைவு, 7.5-ல் அரசுக் கல்லூரி, கட்டணம், ஹாஸ்டல் எல்லாம் அரசே கட்டுகிறது. இவளுக்குத் தனியார் கல்லூரிதான்.

ஊத்தங்கரை அப்பா:
பள்ளியைப் பார்த்து யாரும் ரேங்க் போடுவதில்லை தம்பி. கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200-க்குக் கட்-ஆஃப். அவ்வளவுதான். அதனால்தான் நான் நிலத்தை அடமானம் வைத்து மகனை ஹாஸ்டல் பள்ளியில் சேர்த்தேன். பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு வராத காலம். முதல் வருஷத்திலேயே பிளஸ் டூ பாடம், இரண்டு வருஷமும் அதையே உருப்போட வைத்தார்கள். கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைத்தது. முதல் செமஸ்டரில் ஒரு ராத்திரி போன் செய்தான். “அப்பா, கிளாஸ்ல எல்லாரும் லிமிட் லிமிட்னு பேசுறாங்க, எனக்கு அது என்னன்னே தெரியல.” அது பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் இருந்த பாடம். இருந்தாலும் சீட் வாங்கிக் கொடுத்தது அந்தப் பள்ளிதான், அதை மறுக்க மாட்டேன்.

பாலக்கோடு வாசகி:
பள்ளியை யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லிவிட்டு, பள்ளிதான் சீட் வாங்கிக் கொடுத்தது என்கிறீர்களே அண்ணா! நான் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. புத்தகம் அரசு கொடுத்தது, சைக்கிள் அரசு கொடுத்தது, டீச்சருக்குச் சம்பளமும் அரசுதான். 7.5-க்குச் சான்று வாங்கப் போனால் எச்.எம். மேசையிலிருந்து நிமிராமலே, “நம்மது அரசுப் பள்ளி இல்லைம்மா” என்றார். வெளியே வந்து பார்க்கிறேன், என் சைக்கிளில் தமிழ்நாடு அரசு முத்திரை! கல்லூரிப் பெண்களுக்கு மாதாமாதம் தரும் புதுமைப்பெண் 1000 ரூபாயை மட்டும் பிறகு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் நீட்டித்தார்கள். 7.5 இன்னும் வரவில்லை.

அரூர் ஓய்வு ஆசிரியர்:
பத்தாவது வரை தனியாரில் படிக்கவைத்துவிட்டு, பிளஸ் ஒன்னுக்கு எங்கள் பள்ளிக்கு வந்து “7.5 வந்துடும்ல சார்?” என்று கேட்ட பெற்றோர் ஏராளம். வராது. எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியாக இருக்க வேண்டும். 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. விலக்கு ஒன்று உண்டு: கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியாரில் இலவசமாகப் படித்து, ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்குக் கிடைக்கும். பள்ளி மாறும்போது டி.சி.யை நகல் எடுத்து வையுங்கள். எமிஸில் பெயர், பிறந்த தேதி, படித்த பள்ளி எல்லாம் சரியா என்று ஒன்பதாவதிலேயே பாருங்கள், ரிசல்ட் வந்தபின் ஓடாதீர்கள். படிப்புச் சான்றை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், எச்.எம். மாறுதலில் போய்விட்டால் அலைச்சல். அப்புறம், பிள்ளைகளிடமிருந்து ராத்திரி செல்போனைப் பிடுங்கி வையுங்கள்.

மத்தூர்க்காரன்:
ஐயா, ஏழாவதில் கல்வி உரிமைச் சட்டத்தில் சேர்க்கவில்லை, பணம் கட்டித்தான் சேர்த்தார்கள். செல்போன் அவளிடம் இல்லவே இல்லை. மாமா இப்போது கல்விக் கடனுக்கு அலைகிறார். கிருஷ்ணகிரி பக்கம் எந்த பேங்க்கில் அதிகம் இழுத்தடிக்காமல் தருகிறார்கள்? தெரிந்தவர்கள் அதை மட்டும் சொல்லுங்கள்.