ஜிஆர்பிசியில (ஒரு ஆப் இன்னொரு கணினியில இருக்கிற சேவையைக் கூப்பிடுற முறை) ஒவ்வொரு கோலும் ஒரு கோட் நம்பரோட முடியும். அதில 4 வந்தால் வேலை நடக்கேல்லை எண்டு ஆர் சொன்னது?

உப்புவெளி12:
நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் புக்கிங் ஆப். ஒரே ஆளுக்கு ரெண்டு ரூம். லொக் ரெண்டையும் பக்கத்தில வச்சுப் பார்த்தால், ஆப் பக்கம் 3.0 செக்கன், கோட் 4, டெட்லைன் (பதிலுக்குக் காத்திருக்கிற கடைசி நேரம்) எக்ஸீடட். சேர்வர் பக்கம் அதே ரிக்வெஸ்ட் ஐடி, 3.4 செக்கன், கோட் 0, ஓகே. ரெண்டும் உண்மை. 4 எண்டால் காத்திருந்த நேரம் முடிஞ்சுது, அவ்வளவுதான். பதிவு விழுந்ததோ இல்லையோ எண்டு அது சொல்லாது. ஆப் புதுசா இன்னொரு புக்கிங் அனுப்பிச்சுது. புக்கிங் ஐடியை ஆப்பே ஒருக்கா உருவாக்கி, திருப்பி அனுப்பேக்கையும் அதையே போட வேணும். டேட்டாபேஸில அதுக்கு யுனிக் கீ, அதே ஐடி ரெண்டு தரம் பதியாது. ரெண்டாம் தரம் வந்தால் முதல் பதிலையே குடுக்கலாம்.

சீனக்குடா:
இதுக்கு இவ்வளவா மச்சான்? டெட்லைனை 10 செக்கன் ஆக்கினால் சரி.

உப்புவெளி12:
அப்ப 10.1 செக்கனில அதே ரெண்டு ரூம்.

கிண்ணியாக் கரை:
இங்க வந்தது கோட் 12, அன்இம்ப்ளிமென்டட். கூப்பிட்ட மெதட் சேர்வரில இல்லையாம். அரைநாள் புரோட்டோ ஃபைலை (மெதட் எல்லாம் எழுதி வைக்கிற ஃபைல்) கிளறினாங்க. மெதட் அங்கதான் இருக்கு. சேர்வர் லொக்கில ஒரு வரியும் இல்லை. எரர் மெசேஜின் வாலில 'டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்' எண்டு கிடந்ததை ஒருத்தரும் வாசிக்கேல்லை! சேர்வருக்கு முன்னால நின்று ரிக்வெஸ்டைக் கைமாற்றுற என்ஜின்எக்ஸில பாதை பிழை, அது எச்டிடிபி 404 ('பக்கம் இல்லை') குடுத்திருக்கு. ஜிஆர்பிசி கிளையன்ட் 404-ஐ 12 ஆக்கும். எச்டிடிபி 502, 503, 504 எல்லாம் 14 (அன்அவெய்லபிள், சேவை கிடைக்கேல்லை). சேர்வரே 12 சொன்னால் எச்டிடிபி 200-ஓட ஜிஆர்பிசி-ஸ்டேட்டஸ் வரும். முதல்ல அதைப் பாருங்க.

கொட்பே:
மீன் நிறை பதியிற டேப்லெட். சும்மா இருக்கேக்க கொஞ்ச நேரத்துக்கொருக்கா 14, அன்அவெய்லபிள். சிக்னல் எண்டு சிம் மாத்தினாங்க. லொக்கில 'டூ மெனி பிங்ஸ்'. கீப்அலைவ் (லைன் உயிரோட இருக்கோ எண்டு பார்க்க அனுப்புற பிங்) 10 செக்கனுக்கு ஒருக்கா, சேர்வர் 5 நிமிசத்துக்குக் குறைஞ்சால் பொறுக்காது, கோஅவே ('போ' எண்ட செய்தி) அனுப்பி லைனை அறுக்கும். சேர்வரின்ர குறைஞ்சபட்ச இடைவெளியையும் இறக்க வேணும்.

சீனக்குடா தம்பிக்கு ஒண்டு, கேக்காட்டியும் சொல்லுறன். டெட்லைன் போடாட்டி ஜிஆர்பிசி எவ்வளவு நேரமும் காத்திருக்கும், அதால போடத்தான் வேணும். ஆனால் ஒவ்வொரு அடுக்கிலயும் தனித்தனி 10 செக்கன் போடாதீங்க. ஆப்பில 5 எண்டால், நடு சேவை 1 செக்கன் திண்டால் உள்ள போறதுக்கு மிச்சம் 4தான். கோ (Go) மொழியில கான்டெக்ஸ்டை (கோலோட போற டெட்லைன் முதலான விவரம்) கைமாற்றினால் அந்த மிச்ச நேரம் தானாகப் போகும், பைதனில டைம்அவுட்டை நீங்களே கணக்குப் பார்த்துக் குடுக்க வேணும். ரீட்ரையை (திருப்பி அனுப்புறதை) ஒரு அடுக்கில மட்டும் வையுங்க: மூண்டு அடுக்கில மூண்டு தரம் எண்டால் 27 கோல், விழுந்து கிடக்கிற சேர்வருக்கு மேல. இடைவெளியையும் கூட்டிக் கூட்டி, கொஞ்சம் ஒழுங்கில்லாமல் விடுங்க. கோட் 3 (அனுப்பின விவரம் பிழை), 5 (கேட்டது இல்லை), 7 (அனுமதி இல்லை), 16 (ஆர் எண்டு உறுதியாகேல்லை) வந்தால் அதையே திருப்பி அனுப்பிப் பிரயோசனமில்லை. 16 எண்டால் டோக்கனை (லொகின் அடையாளச் சாவி) புதுப்பிச்சிட்டு ஒருக்கா மட்டும்.

சீனக்குடா:
சரி அண்ணா. ஆனால் 14-க்குத் திருப்பி அனுப்பலாம்தானே, அது சேர்வருக்கே போகேல்லையே?

உப்புவெளி12:
போய், வேலை முடிஞ்சு, பதில் வாற வழியில லைன் அறுந்தாலும் 14தான். அந்த ஐடியைப் போடு மச்சான்.

மூதூர்:
இங்க கோட் 8, ரிசோர்ஸ் எக்ஸோஸ்டட் (வளம் தீர்ந்தது). டிஸ்க் நிரம்பிட்டுதெண்டு ஃபைல் எல்லாம் அழிச்சாங்க. ரூம் படம், ஒரு மெசேஜுக்கு ஜிஆர்பிசி வழமையா ஏற்கிற 4194304 பைட்டுக்கு மேல, அவ்வளவுதான்.