எடை இறங்கியதும் மாதவிடாய் நின்றது ஏன்?

அடையாறு வாசகி:
கல்லூரியில் படிக்கும் என் மகள் நெடுந்தூர ஓட்டப் பயிற்சிக்காக விடியற்காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குச் செல்கிறாள். காலையில் இரண்டு இட்லி, இரவில் வெறும் பழம் என்று சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டதில் எடை இறங்கியதோடு, சில மாதங்களாக மாதவிடாயும் வரவில்லை. ஸ்கேனில் கருப்பையும் சூலகமும் நன்றாகவே இருப்பதாகச் சொன்ன மருத்துவர், மூளையின் உத்தரவு குறைந்துவிட்டது என்கிறார். சாப்பாட்டுக்கும் சூலகத்துக்கும் நடுவில் மூளைக்கு என்ன வேலை?

உடலியல் ஆசிரியர், கீழ்ப்பாக்கம்:
மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், ஜி.என்.ஆர்.எச். என்னும் ஹார்மோனை விட்டுவிட்டு, துடிப்புகளாக வெளியிடுகிறது. அதை ஏற்று, மூளைக்கடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன்களால்தான் சூலகத்தில் கருமுட்டை முதிர்கிறது; துடிப்பு தளர்ந்தால் மாதவிடாய் நின்றுவிடும்.

உடலின் கொழுப்புக் கையிருப்பை மூளைக்குத் தெரிவிப்பது, கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின். அதை 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டறிந்தனர். லெப்டின் இல்லாமல் பிறக்கும் எலிகள் ஓயாமல் தின்று பெருத்தாலும் அவற்றுக்குக் குட்டி பிறப்பதில்லை. உடலில் அத்தனை கொழுப்பு இருந்தும், செய்தி வராததால் மூளை அதைப் பட்டினி என்றே எடுத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து லெப்டினைச் செலுத்தியபோது அவை கருவுற்றன.

இதில் வியப்பு என்னவென்றால், ஜி.என்.ஆர்.எச். நரம்பணுக்களில் லெப்டினைப் பற்றிச் செய்தியை வாங்கும் ஏற்பியே கிடையாது. செய்தி சுற்றுவழியில்தான் போகிறது. அவ்வழியில் முக்கியமானவை, ஜி.என்.ஆர்.எச். அணுக்களைத் தூண்டும் கிஸ்பெப்டின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள். கிஸ்பெப்டினின் ஏற்பி பழுதுபட்டவர்கள் பருவமடைவதில்லை என்பது 2003-இல் தெரியவந்தது. பசியைத் தூண்டும் நரம்பணுக்களும் அதே வட்டாரத்தில் இருக்கின்றன. பட்டினியின்போது அவை கிஸ்பெப்டின் அணுக்களை அடக்குவதை எலிகளில் கண்டிருக்கிறார்கள்.

அடையாறு வாசகி:
மிக்க நன்றி ஐயா. அப்படியானால் லெப்டினையே மருந்தாகக் கொடுத்துவிடலாமே?

மகப்பேறு மருத்துவர், அண்ணா நகர்:
முயன்று பார்த்திருக்கிறார்கள், அம்மா. 2004-இல் வெளியான சிறிய ஆய்வொன்றில், இவ்வாறு மாதவிடாய் நின்ற சில பெண்களுக்கு லெப்டின் ஊசியால் கருமுட்டை வெளிப்பட்டது. ஆனால் லெப்டின் பசியை அடக்கும் ஹார்மோன். ஏற்கெனவே போதாமல் சாப்பிடும் பெண்ணுக்கு அதைத் தருவது எப்படிப் பொருந்தும்? கருத்தடை மாத்திரையால் மாதந்தோறும் இரத்தப்போக்கு வரும், மூளையின் துடிப்பு திரும்பாது. கர்ப்பம், தைராய்டு, புரோலாக்டின் பரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைந்தே இருந்தால் எலும்பு தேயும் என்பதால், ஓட்டத்தைச் சற்றுக் குறைத்து, இரவுச் சாப்பாட்டைத் திரும்பக் கொண்டுவருவதை இந்த வாரமே தொடங்குங்கள்.