நத்தை ஓட்டு நுனி வெளுக்குது, கடல் நுரை போட்டும் பலன் இல்லை

பாசிப்பச்சை:
100 லிட்டர் தொட்டி. 3 ஆப்பிள் நத்தை, 4 நெரைட் நத்தை, 10 நியான் டெட்ரா மீன், ஒரு பெரிய மரக்கட்டை. தண்ணீர் முழுக்க ஆர்.ஓ. துளி டெஸ்ட் கிட்டில் பிஹெச் 6.4, ஜிஹெச் (மொத்தக் கடினம், அதாவது கால்சியமும் மக்னீசியமும்) 3 டிகிரி, கேஹெச் (அமிலத்தைச் சமாளிக்கிற கார்பனேட் அளவு) 1 டிகிரி. நத்தைகளோட ஓட்டு நுனி சுண்ணாம்பு பூசின மாதிரி வெளுத்து, குழி விழுது. வாய்ப்பக்கம் வழவழன்னு நல்லாத்தான் இருக்கு. கடல் நுரை (கணவாய் ஓடு) போட்டு 2 வாரம் ஆச்சு, அளவு எதுவும் பெருசா அசையலை. குழாய்த் தண்ணீர் ஜிஹெச் 16, கேஹெச் 9. அது ரொம்பக் கடினம்னுதான் ஆர்.ஓ.வுக்கு மாறினது. கால்சியம் திரவம் வாங்கி ஊத்தலாமா?

துளிக்கணக்கு:
இப்போதைக்கு வேண்டாம். சேதம் எந்த இடத்தில் என்று பாருங்கள், விஷயம் பிடிபடும். ஓடு வளர்வது வாய் விளிம்பில் மட்டும்தான். நுனிச்சுருள், நத்தை குஞ்சாக இருந்தபோது கட்டியது. கால்சியமோ தீனியோ போதாவிட்டால் புதிதாக வளரும் விளிம்பு மெலிந்து, உடைந்து உடைந்து வரும். உங்களுக்கு விளிம்பு சரியாக இருக்கிறது, பழைய ஓடுதான் கரைகிறது. ஓட்டின் மேல் இருக்கும் புரதத் தோல் முதலில் தேய்வது நுனியில். அந்த இடத்தில் அமிலத் தண்ணீர் கால்சியம் கார்பனேட்டை நேராகத் தின்கிறது.

ஆகவே முதலில் கேஹெச். 1 டிகிரி என்பது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. ஃபில்டரில் அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது வருகிற அமிலமே அதைக் குடித்துவிடும், மரக்கட்டை வேறு. கடல் நுரையும் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் மிதந்துகொண்டு, மேலே பாசிப்படலம் பிடித்துக் கிடந்தால் மிக மெதுவாகத்தான் கரையும்.

இலக்கு: கேஹெச் 4 முதல் 6, ஜிஹெச் 8க்கு மேல், பிஹெச் 7.2க்கு மேல். கடையில் வளர்ப்பில் வந்த நியான் இதைத் தாங்கும். இதற்கான மருந்து உங்கள் குழாயிலேயே வருகிறது! தாதுவை வடிகட்டி எறிந்துவிட்டு அதையே பாட்டிலில் வாங்குவானேன்? மணல், கட்டை போக தொட்டியில் சுமார் 80 லிட்டர் தண்ணீர் நிற்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் 10 லிட்டர் எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீர் 10 லிட்டர் விடுங்கள். நான்கு தடவையில் கேஹெச் 4.3, ஜிஹெச் 8.4 அருகே வந்துவிடும். அதற்குப் பிறகு வாராந்திர மாற்றத்துக்குக் குழாய்த் தண்ணீரும் ஆர்.ஓ.வும் சரிபாதி.

அம்மோனியா அளவு சொல்லவில்லையே, முதல் வேலையாக அதைப் பாருங்கள். பிஹெச் 1 ஏறினால் அம்மோனியாவின் விஷப்பங்கு கிட்டத்தட்ட 10 மடங்காகும். 6.4இல் நல்ல பாக்டீரியாவும் மந்தமாகத்தான் வேலை செய்யும், எனவே அம்மோனியா சத்தமில்லாமல் சேர்ந்திருக்கலாம். இருந்தால் அதைக் குறைத்த பிறகே பிஹெச்சை ஏற்றுங்கள்.

குமிழித்தூள்:
குழாய்த் தண்ணீரும் மென்மையா இருக்கிறவங்களுக்கு உப்புக் கணக்கு. அயனிப் பரிமாற்ற சாஃப்ட்னர் வழியா வர்ற தண்ணீரும் இதே கதைதான். அதில் கால்சியம் போய் சோடியம் வந்திருக்கும், கேஹெச் மட்டும் அப்படியே நிக்கும்.

100 லிட்டருக்கு 1 டிகிரி ஏத்த: கேஹெச்சுக்குச் சமையல் சோடா 3 கிராம். ஜிஹெச்சுக்குக் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 2.6 கிராம், இல்லைன்னா எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்) 4.4 கிராம். ஜிஹெச் ஏத்துறப்ப 4 டிகிரி கால்சியத்திலும் 1 டிகிரி எப்சத்திலும் வர்ற மாதிரி பிரிச்சுக்கலாம். எப்சம் மட்டும் போட்டா ஜிஹெச் எண் அழகா ஏறும், நத்தைக்கு ஒரு துளி கால்சியம் கிடைக்காது. டெஸ்ட் கிட் கால்சியம், மக்னீசியம் ரெண்டையும் சேர்த்துத்தான் எண்ணும், அதுல நிறையப் பேர் ஏமாறுறாங்க.

சோடாவையும் கால்சியம் குளோரைடையும் ஒரே குவளையில் கரைக்காதீங்க, பால் மாதிரி கலங்கி அடியில் படிஞ்சிடும். தனித்தனியா கரைச்சு, ஒண்ணை ஊத்திட்டு சில மணி நேரம் விட்டு மத்ததை ஊத்துங்க. ஒரு நாளைக்கு 1 டிகிரிக்கு மேல வேண்டாம். கரண்டி அளவை நம்பாம தராசில் நிறுத்துப் போடுங்க. பேக்கிங் பவுடரும் சலவை சோடாவும் இதுக்கு ஆகாது.

பாசிப்பச்சை:
அம்மோனியா 0. மூணு தடவை மாத்தியாச்சு. ஜிஹெச் 7, ஆனா கேஹெச் இன்னும் 2லேயே நிக்குது. அடியில் செடிக்கான ஆக்டிவ் சாயில் 4 செ.மீ. இருக்கு, அதுவா காரணம்?

துளிக்கணக்கு:
அதேதான், இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்! அந்த மண் தயாரிக்கப்படுவதே கேஹெச்சை உறிஞ்சி பிஹெச்சை 6.5 பக்கம் பிடித்துவைக்கத்தான். அதன் கொள்ளளவு தீரும்வரை நீங்கள் சேர்ப்பதை விழுங்கிக்கொண்டே இருக்கும். சோடாவைக் கூட்டிக் கூட்டிப் போட்டால் மிஞ்சுவது சோடியம்தான். மண்ணுக்குப் பதில் சாதாரண மணல் போடுங்கள், அல்லது நத்தைகளை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். மண்ணும் நத்தையும் சேர்ந்தே வேண்டுமென்றால், 100 கிராம் பவளத்துண்டு வலைப்பையில் கட்டி ஃபில்டரின் நீரோட்டத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை அளந்து பையைக் கூட்டலாம், குறைக்கலாம். இது மண்ணோடு மல்லுக்கட்டுவதுதான், ஆனாலும் ஓடு கரையும் வேகம் குறையும்.

குமிழித்தூள்:
இன்னொரு சோதனை. ஒரு குவளையில் தொட்டித் தண்ணீர் எடுத்து, ராத்திரி முழுக்க காற்றுக்கல் ஓடவிட்டு காலையில் பிஹெச் பாருங்க. நல்லா ஏறியிருந்தா தொட்டியில் கரியமில வாயு தேங்குது, மேற்பரப்பு அலையைக் கூட்டுங்க. ஏறலைன்னா அமிலம் கட்டையிலிருந்தோ மண்ணிலிருந்தோ வருது.

வெளுத்த நுனி திரும்ப வளராது, அதைப் பார்த்துக் கவலைப்படாதீங்க. இன்னைக்கே ஒரு போட்டோ எடுத்து வச்சு, மாசம் ஒருதரம் ஒப்பிடுங்க. குழி பெருசாகாம இருந்தா சரி. மீனுக்கு மருந்து ஊத்துற நேரம் வந்தா லேபிளில் காப்பர் இருக்கான்னு மட்டும் பாருங்க. மீனுக்குத் தாங்கும் அளவே நத்தையைக் கொன்னுடும்.