பாலிஷிங் பேட்: வட்டா, திண்டா?

மண்டபத்திலிருந்து:

அண்ணே, கார் பெயிண்டை மெருகேற்றும் வேலைக்கு நாம் சேர்க்கும் தமிழ்ச் சொற்பட்டியலில் பாலிஷிங் பேடுக்கு ‘மெருகு வட்டு’ என்று போட்டிருக்கிறீர்கள். வட்டு வேண்டாம். மெஷினில் திருகிப் பொருத்துகிற கெட்டியான பேக்கிங் பிளேட்தான் வட்டு. அதன்மேல் வெல்குரோவில் ஒட்டுகிற மெத்தென்ற சாமான் வேறு. இரண்டுக்கும் ஒரே சொல்லானால், புதிதாகப் பழகுபவர் 5 அங்குல வட்டுக்கு 5 அங்குலப் பேடையே வாங்கி வந்துவிடுவார். பேட் அரை அங்குலமாவது பெரிதாக, ஐந்தரை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிளேட்டின் விளிம்பு பெயிண்டில் இடிக்கும். பிளேட்டுக்குத் ‘தாங்குவட்டு’, பேடுக்கு ‘மெருகுத்திண்டு’ என்று வைக்கலாமா?

கீழக்கரையிலிருந்து:

சரிதான் தம்பி. அமுக்கினால் அமுங்கும், விட்டால் எழும்பும். சாய்ந்து உட்காரும் திண்டின் குணம்தான் ஃபோமுக்கும். கம்பளித் திண்டு, மைக்ரோஃபைபர் திண்டு, ஃபோம் திண்டு என்று முன்னால் எதையும் சேர்த்துக்கொள்ளலாம். ‘பஞ்சு’ என்று வைத்தால் கம்பளியில் வந்து முட்டும்.

‘கட்டிங் பேட்’ என்பதற்கு ‘வெட்டுத் திண்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது எதை வெட்டுகிறது? நிறத்துக்கு மேல் பூசிய நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டின் மேற்பரப்பை மிக மெலிதாகத் தேய்த்து எடுக்கிறது, அவ்வளவே. அந்தப் பூச்சின் மொத்தக் கனமே சுமார் 40, 50 மைக்ரான். ஏ4 தாளில் பாதி. சங்கை அரத்தால் அராவிப் பழகிய கரையில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம். ‘அராவு திண்டு’ போதும். பாலிஷிங், ஃபினிஷிங் வகைகளுக்கு மெருகு திண்டு, மினுக்கு திண்டு.

திண்டின் நிறத்தை வைத்து மட்டும் பெயரிடாதீர்கள். ஒரு கம்பெனியின் ஆரஞ்சு நன்றாக அராவும். இன்னொரு கம்பெனியின் ஆரஞ்சு லேசாகத்தான் தேய்க்கும். நிறத்துக்குப் பொதுக் கணக்கு கிடையாது.

மண்டபத்திலிருந்து:

ஒரு இடறல், அண்ணே. பொதுப்பெயரும் மெருகுத்திண்டு, நடுவகையும் மெருகு திண்டு என்றால் கடையில் குழப்பம்தான். நடுவகைக்குத் ‘துலக்கு திண்டு’ வைப்போம். அராவு, துலக்கு, மினுக்கு மூன்றும் வினையடி. வினைத்தொகையாக நிற்பதால் ஒற்றும் மிகாது.

விளக்கக் குறிப்பில் வேலையும் வரட்டும். பழகுபவர், சுழன்றபடியே ஆடவும் செய்கிற டூயல் ஆக்‌ஷன் மெஷினில் துலக்கு திண்டோடு தொடங்கட்டும். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் சோதனை. காம்பவுண்ட் என்கிற தேய்ப்புப் பசையைப் புதுத் திண்டுக்குப் பட்டாணி அளவில் நாலைந்து சொட்டு, பிறகு மூன்று. ஒரு நொடிக்கு ஓர் அங்குலம் நகர்த்தி, பாதிக்குப் பாதி மேலேறும்படி நாலைந்து நடை. வெயிலில் வட்டவட்டமாகத் தெரியும் மெல்லிய சுழிக்கீறல் போகவில்லையானால் முதலில் காம்பவுண்டை மாற்றட்டும், அதற்கும் மசியாவிட்டால் அராவு திண்டு. எடுத்தவுடன் அராவினால், மென்மையான கறுப்புப் பெயிண்டில் புகைமூட்டம் மாதிரி படியும். அதைப் போக்க மினுக்கு திண்டோடு இன்னொரு சுற்று.

தாங்குவட்டின் விளிம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். ஓடும்போது கோடு சுற்றுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கோடு ஒரே இடத்தில் நின்று நடுங்கினால் அழுத்தம் அதிகம். திண்டு சுழலாமல் உதறுகிறது, கீறல் போகாது.

கீழக்கரையிலிருந்து:

துலக்கு என்றதும் சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாத்திரம் தேய்ப்பதுபோல அழுத்திவிடுவார்களோ என்று ஒரு பயம். அந்தக் கோட்டுக் குறிப்பு அதற்குக் காவல். ஏற்கிறேன்.

‘பேட் லோடிங்’ என்பதற்குச் ‘சுமையேற்றம்’ வேண்டாம், லாரி நினைவு வருகிறது. அரத்தின் பல்லை ‘அடைத்துக்கொண்டது’ என்கிறோமே, அதே ‘அடைப்பு’. தேய்ந்த பெயிண்டும் காய்ந்த காம்பவுண்டும் ஃபோமின் துளைகளில் அடைத்தால் நடுவில் சூடு ஏறும், வெல்குரோ பிரியும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பிறகும் பிரஷ்ஷால் தட்ட வேண்டும். இரண்டு பேனலுக்கு ஒரு திண்டு. ஒரு காருக்கு ஐந்தாறு தேவை. கதவுத் தூண், கண்ணாடிக் கூட்டுக்கு 3 அங்குலம்.

நம் கரைக்கென்று ஒரு வரி: தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த வண்டியில் கதவிடுக்கு, ரப்பர் ஓரமெல்லாம் மணல் இருக்கும். கழுவி, ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் கட்டியான கிளே போட்டு எடுத்த பிறகே திண்டு வைக்க வேண்டும். ஒரு மணல் சிக்கினாலும் போக்க வந்த சுழிக்கீறலைத் திண்டே புதிதாகப் போடும். தரையில் விழுந்த திண்டு, அலசிக் காயும்வரை மெஷினுக்கு ஆகாது.