கண்மாயைத் தூர்வாரலாமா, வேண்டாமா? எதை முதலில் பார்ப்பது?

வயல்வரப்பு:
சிவகங்கை மாவட்டத்தில் மானாவாரிக் கண்மாய். ஆயக்கட்டு (பாசன நிலம்) 85 ஏக்கர், நீர்பரப்பு 60 ஏக்கர் இருக்கும். கரை 900 மீட்டர், வயலுக்குத் தண்ணீர் விடும் மடை இரண்டு, மிகைநீர் வழிய 12 மீட்டர் நீளத்தில் ஒரு கலுங்கு. மேல் கண்மாய் நிரம்பி மறுகால் போனால்தான் இங்கே நல்ல வரத்து. மழை பெய்த வருஷத்திலும் பாதிதான் பெருகுகிறது. வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டு ஜேசிபி விட்டு ஒரு அடி ஆழப்படுத்தி, கலுங்கையும் ஒரு அடி உயர்த்தலாம் என்கிறார்கள். பணத்தை இறக்கலாமா?

லெவல்பெட்டி:
இப்போது இறக்காதீர்கள். 60 ஏக்கரில் ஒரு அடி என்றால் 26 லட்சம் கன அடி மண். மூன்று யூனிட் (300 கன அடி) டிப்பரில் சுமார் 8,700 நடை. அதை எங்கே கொட்டுவீர்கள்? மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குப் பாயாது, ஆடுமாடு குடிக்க உதவும், அவ்வளவுதான்.

பாதிதான் பெருகுகிறது என்றால் குறை கொள்ளளவில் இல்லை, வரத்தில். ஒரு மில்லியன் கன அடி சுமாராக 6 ஏக்கர் நெல்லுக்கு வரும். 85 ஏக்கருக்கு 14 மில்லியன் கன அடி வேண்டும். ஒரு சதுர கிலோமீட்டரில் 28 மி.மீ. மழைநீர் ஓடி வந்தால்தான் ஒரு மில்லியன் கன அடி. உங்கள் சொந்த நீர்ப்பிடிப்பு எவ்வளவு என்று பாருங்கள், மேல் கண்மாயை நம்பியே ஆக வேண்டுமா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

சித்திரையில் புலப்படத்தோடு (சர்வே வரைபடம்) மேல் கண்மாய்க் கலுங்கிலிருந்து உங்கள் கண்மாய் வரை நடங்கள். 50 மீட்டருக்கு ஒரு இடத்தில் ஆட்டோ லெவல் (மட்டம் அளக்கும் கருவி) வைத்து வரத்துக் கால்வாயின் அடிமட்டம், அகலம் இரண்டையும் குறியுங்கள். ரோடு போட்ட இடத்தில் குழாய்ப் பாலத்தின் தளம் கால்வாய் அடியைவிட உயர்ந்திருக்கும். பல ஊரில் தண்ணீர் முடங்குவது அங்கேதான். மேல் கலுங்கில் மணல் மூட்டை அடுக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

கரைக்காவல்:
கலுங்கு யோசனையை முதலில் கைவிடுங்கள். நீர்ப்பிடிப்பு 2 சதுர கிலோமீட்டர் என்று வையுங்கள். நீர்ப்பிடிப்பின் பரப்பை வைத்து வெள்ளத்தைக் கணிக்கும் ரைவ்ஸ் சூத்திரத்தில், கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் கெழு 6.8, வெள்ளம் வினாடிக்கு 10.8 கன மீட்டர் வருகிறது. 12 மீட்டர் கலுங்கில் அது வழிய, கலுங்கின் உச்சிக்கு மேல் 65 செ.மீ. தண்ணீர் நிற்க வேண்டும். அதற்கும் மேலே ஒரு மீட்டராவது கரை இருக்கணும். ஒரு அடி உயர்த்தினால் அந்தப் பாதுகாப்பு உயரத்தில் ஒரு அடி போச்சு. மேல்புறப் பட்டா நிலம் முங்கி வழக்கும் வரும். மேல் கண்மாய் உடைந்தால் இந்தக் கணக்கெல்லாம் நிற்காது.

கரையைத் தண்ணீர் நிற்கும்போது வெளிப்புறம் நடந்து பாருங்கள். தெளிந்த கசிவு பொறுக்கலாம். கலங்கி வந்தால் உள்ளே மண் அரிக்கிறது, அவசரம். கரையில் நிற்கும் சீமைக்கருவேலத்தை ஜேசிபியால் பிடுங்காதீர்கள். பிடுங்கிய வேர்க்குழி அடுத்த வெள்ளத்தில் ஓட்டையாகும். வெட்டி, அடிக்கட்டையைக் கையால் தோண்டி எடுத்து, களிமண்ணை அரையடி அடுக்காகப் போட்டு நனைத்து இடியுங்கள்.

வயல்வரப்பு:
நன்றி அண்ணே. ஒரு மடையில் பலகை இறக்கினாலும் பக்கவாட்டில் ஒழுகுகிறது. பூசினால் நிற்குமா?

கரைக்காவல்:
நிற்காது. கரைக்குள் போகும் மடைக் குழாயின் வெளிச்சுவரை ஒட்டித் தண்ணீர் ஓடுகிறது. முகப்பைப் பூசினால் வேறு இடத்தில் வெளிவரும். கரையைச் சரிவாக வெட்டித் திறந்து குழாயைச் சுற்றிக் களிமண் அணைத்து இடித்துத்தான் மூடணும். ஐப்பசிக்குள் மூட முடியாது என்றால் இந்த வருஷம் திறக்கவே வேண்டாம்.

லெவல்பெட்டி:
இன்னொன்று. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு என்பதால் உங்களுடையது ஊராட்சி ஒன்றியக் கண்மாய். மேலே இருப்பது நீர்வளத் துறைக் (முன்பு பொதுப்பணித் துறை) கண்மாயாக இருந்தால் கால்வாய் வேலைக்கு இரண்டு இடத்திலும் மனு கொடுக்கணும். ஆயக்கட்டில் எத்தனை ஏக்கர் ஏற்கெனவே போர்வெல்லுக்கு மாறிவிட்டது என்றும் எண்ணுங்கள். பாதிக்கு மேல் என்றால் ஒழுகும் மடையை நிரந்தரமாக அடைத்து, கண்மாயைக் கிணற்று ஊற்றுக்கே விடலாம். ஆனால் கிணறு இல்லாதவர்கள் ஒப்பாமல் அதைச் செய்யக் கூடாது.