தமிழில் பேசும் இணையவழி ஆலோசகர் யாரையாவது தெரியுமா?

வணக்கம். மன்னார்குடி பக்கம் ஒரு கிராமம். திருமணமாகி 9 வருடம். குறுவைக்கு வாங்கிய கடனில் தொடங்கிய சண்டை, இப்போது நானும் கணவரும் பிள்ளை வழியாகத்தான் பேசிக்கொள்கிறோம். “அப்பாவைச் சாப்பிட வரச் சொல்.” அவ்வளவுதான்.

அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-க்கு ஓர் இரவு அழைத்தேன். கட்டணமில்லை, தமிழிலேயே பேசினார்கள், மனம் சற்று லேசானது. ஆனால் ஒரே ஆளிடம் வாரம் ஒருமுறை தொடர்ந்து பேச விரும்புகிறேன். தஞ்சாவூர் போய்வரலாம்தான், பஸ் ஏறினாலே எங்கே என்று நாலு பேர் கேட்கும் ஊர் இது.

கூட்டுக் குடும்பம். வாய்க்கால் கரையில்தான் சிக்னலும் தனிமையும் கிடைக்கும், அதுவும் மாலை 5 மணிக்கு மேல். எழுத்து வழியாக ஆலோசனை பெற்றவர்கள் உண்டா? மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். வெறும் ‘கவுன்சலர்’ என்று போட்டுக்கொள்பவர்களை எப்படி எடைபோடுவது? சென்ற மாதம் ஒருவர் முதல் பேச்சிலேயே “கொஞ்சம் விட்டுக்கொடுங்கள் அம்மா” என்றார். அதற்கு என் மாமியார் போதுமே, கட்டணம் எதற்கு?

கணவர் இன்னும் சம்மதிக்கவில்லை. நான் மட்டும் தொடங்கினால் பலன் உண்டா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.