இன்குபேட்டர் குழந்தைக்குத் தாலாட்டு: எவ்வளவு சத்தம், எவ்வளவு நேரம்?

வார்டு_சிஸ்டர்:
கர்ப்பத்தின் 29 முதல் 33 வாரத்தில் பிறந்த குறைமாதக் குழந்தைகள் இருக்கும் பிரிவு. செல்போனில் தாலாட்டு போட்டு இன்குபேட்டருக்குள் வைக்கலாமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். என்ன சொல்வது? எப்போது நிறுத்த வேண்டும்?

பயோமெடிக்கல்:
உள்ளே வைக்க விடாதீங்க சிஸ்டர். சுற்றிலும் அக்ரிலிக், சத்தம் மோதித் திரும்பும். வெளியே மெதுவாகக் கேட்பது உள்ளே எவ்வளவு என்று காதால் கணிக்க முடியாது. கிருமித்தொற்று வேறு. முதலில் பாட்டே இல்லாமல் அளங்க: சத்தம் அளக்கும் மீட்டரில் 'ஏ' வெயிட்டிங் (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்ற அளவு), 'ஸ்லோ' (நிதானமாக மாறும் அளவீடு), மைக் குழந்தையின் காதருகே. 45 டெசிபலைத் தாண்டினாலே கவலைக்குரியது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 1997-லேயே சொன்னது. பெரும்பாலான வார்டுகள் சும்மா இருக்கும்போதே அதைத் தாண்டுகின்றன. கைத்துளைக் கதவை 'டக்'கென்று சாத்துவது, மேலே கேஸ் ஷீட்டைப் போடுவது, அலாரத்தை அடிக்க விட்டுப் பேசுவது இதெல்லாம் நிற்காமல் பாட்டைச் சேர்த்தால் இரைச்சல்தான் கூடும்.

இசைச்சிகிச்சை_கோவை:
ரெக்கார்டிங்கை விட அம்மா, அப்பா குரல் மேல். கங்காரு முறையில் நெஞ்சோடு அணைத்திருக்கும்போது, சாதாரணப் பேச்சை விடத் தாழ்ந்த குரலில். 'ஆராரோ ஆரிரரோ' ஒன்றே போதும். இரண்டு வரி, திரும்பத் திரும்ப, குழந்தையின் மூச்சைப் பார்த்து வேகத்தைக் குறைத்து. சினிமாப் பாட்டு பிடித்தால் அதையும் பாடலாம், ஆனால் தாளத்தைக் கழற்றித் தாலாட்டு நடையில். அமெரிக்க இசைச்சிகிச்சையாளர் ஜோன் லோவியின் குழு 11 மருத்துவமனைகளில் 272 குழந்தைகளிடம் செய்து 2013-ல் வெளியிட்ட ஆய்வில் இப்படித்தான் செய்தார்கள். பெற்றோரின் பதற்றமும் குறைந்தது. 10 நிமிடத்தில் தொடங்குங்க. பாடிக்கொண்டே தடவ வேண்டாம். 32 வாரத்துக்குக் கீழே இரண்டையும் சேர்த்துத் தாங்காது.

வார்டு_சிஸ்டர்:
நன்றி. எடை கூடும் என்று பெற்றோரிடம் சொல்லலாமா?

பச்சிளம்_டாக்டர்:
சொல்லாதீங்க. 25 ஆய்வுகளைத் தொகுத்த 2023 காக்ரேன் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) அலசலில் இதயத் துடிப்பு தணிவது தெரிந்தது, ஆக்ஸிஜன் ஸாச்சுரேஷன் (ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜன் அளவு) ஏறவில்லை. அமைதிக்கும் பெற்றோர் நெருக்கத்துக்கும் என்று மட்டும் சொல்லுங்க.

விரலை விரிப்பது, கையை முன்னால் நீட்டுவது, விக்கல், முகச்சுளிப்பு, நிறமாற்றம், ஸாச்சுரேஷன் இறக்கம்: ஒன்று வந்தாலும் உடனே நிறுத்தணும். குழந்தை தேறும்வரை மறுபடி தொடங்கக் கூடாது. சக்ஷன் (சளியை உறிஞ்சி எடுப்பது), ஊசி முடிந்த கையோடும் வேண்டாம்.

இன்னொன்று: ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக் போட்ட குழந்தைக்கு இரைச்சலும் சேர்ந்தால் செவிக்கு ஆபத்து கூடும். 5 நாளுக்கு மேல் தீவிர சிகிச்சையில் இருந்தால் ஓஏஇ (உள்காதைச் சோதிக்கும் பரிசோதனை) மட்டும் போதாது, ஏபிஆர் (செவி நரம்பையும் சோதிக்கும்) பரிசோதனையும் செய்துதான் டிஸ்சார்ஜ்.